கருவிப் பெட்டி பெரிதாகட்டும், ஆழமாக வேண்டாம்

மாட்டு வண்டி நின்ற கொட்டகையில் இன்று பவர் டில்லரும் மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. ஏர், நுகத்தடி, மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் என்று இருந்த காலத்தில் கருவிகளுக்குப் பெட்டி தேவைப்படவில்லை. சிலவற்றைச் சுவரில் சாத்தினார்கள். சிலவற்றை எரவாணத்தில் செருகினார்கள். இன்று இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம்கூட பம்புசெட், விசைத்தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்கள் இருக்கின்றன. 2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியத்தில் பவர் டில்லரும் களையெடுக்கும் கருவியும் வாங்கியவர்கள் பலர். ஒவ்வொரு இயந்திரத்துடனும் ஸ்பேனர், வாஷர், போல்ட், நட்டு என்று ஒரு சிறு குடும்பமே வந்து சேர்கிறது. கருவிகள் பெருகிவிட்டன. அவற்றை வைக்கும் பெட்டி மட்டும் பழைய பெட்டியாகவே இருக்கிறது.

பல வீடுகளில் அந்தப் பழைய பெட்டியும் கிடையாது. பாதி கருவிகள் யூரியா சாக்கில், மீதி பெயிண்ட் டப்பாவில், சில பரண்மேல், சில அண்டை வீட்டில். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கூட்டுக் கிணற்றில் முறை வைத்து இறைக்கும் விவசாயிக்கு இந்த நஷ்டம் நன்றாகத் தெரியும். கிளாண்டு வழியாகக் காற்று இழுத்து பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டு நட்டுகளைச் சமமாக இறுக்கினாலே சரியாகிவிடும். கயிறு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனால் அதற்கான ஸ்பேனரைத் தேடவே ஒரு மணி நேரம் போனால், அன்றைய முறை அடுத்தவருக்குப் போய்விடும். நெல் பூக்கும் பருவத்தில் தண்ணீர் தப்பினால் பதர் கூடும். ஒரு ஸ்பேனரின் விலை அப்போது ஒரு மூட்டை நெல்லின் விலையாகிவிடுகிறது.

ஆகவே பெரிய கருவிப் பெட்டி என்பது பகட்டு அல்ல. பண்ணைக்குத் தேவையான சாமான்களில் அதுவும் ஒன்று. எந்தப் பெட்டியை வாங்குவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

அளவு என்றால் பரப்பளவு

பெரிய பெட்டி என்றதும் பெரும்பாலோர் நினைப்பது ஆழமான இரும்பு டிரங்குப் பெட்டியைத்தான். விலை குறைவு, எல்லாம் கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. கொள்ளத்தான் கொள்ளும். ஆனால் தேவைப்படும் நேரத்தில் எதுவும் கைக்கு வராது. அடியில் கிடக்கும் ஒரு 13ஆம் நம்பர் ஸ்பேனருக்காக மேலே உள்ள சுத்தியல், பைப் ரிஞ்சு, கிரீஸ் கன் அனைத்தையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஆழம் கிணற்றுக்கு அழகு. கருவிப் பெட்டிக்கு அல்ல.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வீட்டிலுள்ள கைக்கருவிகள் அனைத்தையும் ஒரு தார்ப்பாயில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். ஆயுதபூஜைக்கு எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துத் துடைக்கும்போதே இதைச் செய்துவிடலாம். அவை 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது 1.2 சதுர மீட்டர். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள டிரங்குப் பெட்டியின் அடித்தளம் ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர்தான். ஆக, கருவிகள் மூன்று அடுக்காகக் குவிந்து கிடக்கும். பெட்டியின் உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த நிலை மாறாது.

டிராயர் எனப்படும் இழுப்பறைகள் உள்ள பெட்டியில் கணக்கு வேறு. 80 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள இழுப்பறை ஒன்று 0.32 சதுர மீட்டர். இப்படி ஐந்து இழுப்பறைகள் இருந்தால் 1.6 சதுர மீட்டர். இன்றுள்ள கருவிகள் ஒரே அடுக்காக அடங்கியதுபோக, நான்கில் ஒரு பங்கு இடம் நாளை வாங்கப்போகும் கருவிகளுக்கும் மிஞ்சும். பெரிய பெட்டி வாங்குவதன் பொருள் இதுதான். கொள்ளளவைப் பார்ப்பதைவிடத் தட்டுகளின் மொத்தப் பரப்பளவைப் பார்ப்பதே சரி.

மேலே உள்ள மூன்று இழுப்பறைகளுக்கு 7 செ.மீ. உயரம் போதும். ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர், டெஸ்டர் இவற்றுக்கு அதற்கு மேல் தேவையில்லை. கீழே உள்ள இரண்டும் 15 செ.மீ. இருந்தால் பைப் ரிஞ்சு, சுத்தியல், கிரீஸ் கன் அடங்கும். நீளத்தைத் தீர்மானிப்பது வீட்டிலுள்ள மிக நீளமான கைக்கருவி. 24 அங்குல பைப் ரிஞ்சு 60 செ.மீ. நீளம் உள்ளது. அதற்கு 55 செ.மீ. இழுப்பறையை வாங்கினால், அந்த ரிஞ்சு என்றென்றும் பெட்டிக்கு மேலேயே கிடக்கும். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் சேர்த்துப் பெட்டி தேட வேண்டியதில்லை. அவற்றுக்குச் சுவரும் ஆணியும் போதும்.

தகடும் எடையும்

இரும்புத் தகட்டைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை மறக்கக் கூடாது. 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ.; 20 கேஜ் 0.9 மி.மீ.; 22 கேஜ் 0.7 மி.மீ. வீட்டுக் கொட்டகையில் வைக்கும் பெட்டிக்கு 20 கேஜ் தகடு ஏற்றது. அடித்தளத்துக்கு மட்டும் 18 கேஜ் கேட்டு வாங்கலாம். கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட எடை போட்டுப் பார்ப்பது மேல். 1 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை இருக்கும். அந்தக் கணக்கில் 20 கேஜ் தகடு சுமார் 7 கிலோ, 22 கேஜ் சுமார் 5.5 கிலோ. ஒரே அளவும் ஒரே அமைப்பும் உள்ள இரண்டு பெட்டிகளில் எது கனமோ அதில்தான் இரும்பு அதிகம். பெயிண்டின் பளபளப்பு எடையைக் கூட்டாது.

வாங்கும் முன் ஓர் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, முன்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். வளைந்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ அந்தப் பெட்டி வேண்டாம். 20 கிலோ கருவிகளைத் தாங்கும் இழுப்பறையே பண்ணைக்கு உதவும். கனமான கருவிகள் கீழே, இலேசானவை மேலே என்பது வைப்பு முறை. எல்லா இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால் பெட்டி முன்பக்கம் சாய்ந்து காலில் விழும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுவது அவசியம்.

கடைகளில் சக்கரம் வைத்த பெட்டிகள் விற்கிறார்கள். சிமென்ட் தளம் உள்ள கார் பட்டறைக்கு அவை பொருத்தமானவை. மண் தரையில் நிறை சுமையுடன் அந்தச் சிறு சக்கரங்கள் புதையும், நகராது. அந்தப் பணத்தை நல்ல தகட்டில் போடலாம். உள்ளூர் கிரில் பட்டறையிலும் ஆங்கிள் சட்டம் வைத்து இதே பெட்டியைச் செய்து தருவார்கள். அளவு, கேஜ், இழுப்பறை எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, உட்புறத்துக்கும் மூலைகளுக்கும் ரெட் ஆக்சைடு பூசச் சொல்ல வேண்டும். 15 செ.மீ. உயரக் கால்கள் இருந்தால் தரை ஈரம் ஏறாது. மேற்பரப்பும் சிறு வேலைகளுக்கு மேசையாகும்.

எதை எதோடு வைப்பது

பெட்டி வந்ததும் அங்குலக் கருவிகளையும் மில்லிமீட்டர் கருவிகளையும் தனித்தனி இழுப்பறையில் பிரிக்க வேண்டும். இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவுக்கு மாறியது. ஆனாலும் லிஸ்டர் வகைப் பழைய டீசல் எஞ்சின்களில் அங்குல அளவு போல்ட்கள் உண்டு. அரை அங்குலத் தலை 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் நட்டின் முனை மழுங்கும். பிறகு உளியும் சுத்தியலும்தான் வழி. மெட்ரிக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 மி.மீ. போல்டின் தலைக்குப் பழையதில் 17, புதியதில் 16 என்ற ஸ்பேனர் தேவைப்படும். 12 மி.மீ. போல்டுக்கு அதுபோல 19 அல்லது 18. ஏறக்குறைய அதே கருவிதானே என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

பெட்டியை உர மூட்டைகளுக்கு அருகில் வைப்பது கூடாது. பொட்டாஷ் உரத்தில் உள்ளது பொட்டாசியம் குளோரைடு. உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும். பேட்டரியையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அதன் அமில ஆவி துருவைக் கொண்டுவரும். பூச்சிமருந்துப் புட்டிக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை. ஸ்பேனர் எடுக்கக் குழந்தையை அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் எண்ணெய் தோய்ந்த துணியால் கருவிகளை ஒருமுறை துடைத்து வைத்தால், தை மாதத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை இராது.

பெரிய பெட்டி வந்துவிட்டதால் சிறிய பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது. கிணற்றடிக்குக் கொண்டு போக அதுதான் வேண்டும். கிளாண்டு கயிறு, ஃபியூஸ் கம்பி, டெஸ்டர், கட்டிங் பிளேயர், அடிக்கடி தேவைப்படும் நான்கு ஸ்பேனர், ஃபுட் வால்வு வாஷர் இவை அதில் எப்போதும் இருக்கட்டும். மற்றவை வீட்டில், பூட்டிய பெட்டியில். கிணற்றுமேட்டில் கேபிளே களவு போகும் காலத்தில், கருவிகள் அனைத்தையும் மோட்டார் அறையில் விட்டு வைப்பது அறிவுடைமை ஆகாது.

இழுப்பறையின் தளத்தில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டால் வரைந்துவிட்டால், எது இல்லை என்பது பார்த்த உடனே தெரியும். இரவல் போனது திரும்பி வரும். வீட்டுக்காரர் வெளியூர் போன நாளில் மோட்டாரைப் பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். யாரையும் கேளாமல் அவர் கைக்கு அந்தக் கருவி கிடைக்க வேண்டும்.

மெக்கானிக் இருக்கும்போது இத்தனை எதற்கு என்பவர்களும் உண்டு. மோட்டார் காயில் எரிந்தால் மெக்கானிக்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிளாண்டு இறுக்கவும் வாஷர் மாற்றவும் அவருக்காகக் காத்திருந்தால், கூலியோடு தண்ணீர் முறையும் போகும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலத்து வருமானத்தில் ஒரு பெட்டியை இருமுறை வாங்க இயலாது. ஆகவே சிறு விவசாயிகள் முதலில் தார்ப்பாயை விரித்து அளந்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போவதே நலம்.