வைத்தியச் செலவு யார் தலையில்?

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள், வென்றார்கள். மாதம் 20,000 ரூபாய் வாங்கியவர் 22,000 வாங்கலானார். நாமும் வாயிற் கூட்டத்தில் வாழ்த்திப் பேசிவிட்டு வந்தோம். பின்னர் ஒரு நாள் அவர்களில் ஒருவர் வாடிய முகத்தோடு ஆபீசுக்கு வந்தார். மனைவிக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. அக்கம்பக்கத்தார் அருகிலிருந்த நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டனர். பில் வந்தபோதுதான் தெரிந்தது, இ.எஸ்.ஐ. பாதுகாப்பு போய்விட்டதென்று. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவோர் அதில் தொடர முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ, ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு மட்டும். அங்கேயும் அவர் பணக்காரர், இங்கேயும் பணக்காரர்! மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் பில்லைக் கட்டினார். கூலி உயர்வுக்கு வாழ்த்துச் சொன்ன நமக்கு அன்று சொல்ல வார்த்தை இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, எல்லோரையும் இலவசமாகவே பார்க்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எது பக்கம் என்றுதான் பார்ப்பார்.

நமது ஜில்லாவில் எத்தனை பணப்பைகள்! நெய்வேலி நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி. ரயில்வே ஊழியருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி. காட்டுமன்னார்கோயில் விவசாயக் கூலிக்குக் காப்பீட்டு அட்டை. எல்லை தாண்டினால் மத்திய சர்க்காரின் ஜிப்மர். ஒரு பையிலிருந்து நழுவியவன் அடுத்த பையில் விழுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2021-22ம் ஆண்டுக்கான மத்திய சர்க்கார் கணக்குப்படியே, நாட்டின் சுகாதாரச் செலவில் 100க்கு 39 ரூபாய் நோயாளியின் சொந்தக் கையிலிருந்து போயிருக்கிறது.

இதற்கு மாற்றுத்தான் ஒரே பணப்பை. சக்திக்கேற்ப எல்லோரும் வரி கட்டுவது. அந்த ஒரே நிதியிலிருந்து எல்லோருடைய வைத்தியச் செலவையும் கொடுப்பது. கட்டிலருகே காசு கேட்காதிருப்பது. கூலி உயர்ந்தாலும், வேலையே போனாலும் உரிமை போகாது. டாக்டர்களெல்லாம் சர்க்கார் உத்தியோகஸ்தராக வேண்டியதுமில்லை. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணம் 1962 ஜூலை முதல் தேதி இதைத் தொடங்கியபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை. 1966ல் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. இன்றும் அங்கே பெரும்பாலான டாக்டர்கள் சொந்தமாகத் தொழில் நடத்தி, பில்லை நோயாளிக்கு அனுப்பாமல் மாகாண நிதிக்கு அனுப்புகிறார்கள். வெளியே வாங்கும் மருந்துக்கும் பல்லுக்கும் அங்கே முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

வாங்குபவர் ஒருவரானால் விலை பேசும் பலமும் வருகிறது. இதற்குக் கனடா போக வேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்தை மொத்தமாக வாங்குகிறது. கம்பெனிகள் அதனிடம் சொல்லும் விலை வேறு, கடைத்தெருவில் நம்மிடம் வாங்கும் விலை வேறு.

பணப்பை மாறினால் என்ன நடக்கும் என்பதைச் சிதம்பரம் காட்டிற்று. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013ல் மாநில சர்க்கார் ஏற்றது. ஆனாலும் எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டினார். மற்ற அரசுக் கல்லூரிகளில் 14,000க்குள். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி, வாரக்கணக்கில் நின்றார்கள். 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது, கட்டணமும் இறங்கிற்று. அதே கட்டிடம், அதே ஆசிரியர்கள்.

"இலவசமென்றால் கியூ நீளும்" என்கிறார்கள் கனவான்கள். நீளட்டும். இப்போது கியூ இல்லையா? காசுள்ளவர் அதைத் தாண்டிப் போகிறார், காசில்லாதவர் பாதி வழியில் வீடு திரும்புகிறார்.

பணமில்லாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாதென்று போர் கமிட்டி 1946லேயே சொல்லிவிட்டது. தேசிய வருமானத்தில் 2.5 சதவீதத்தை 2025க்குள் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக மத்திய சர்க்கார் 2017ல் கொள்கை வகுத்தது. அந்த வருஷமும் போய்விட்டது.

சிப்காட் தொழிலாளர்கள் தங்கள் புதிய கோரிக்கைப் பட்டியலில், கூலிக்கு அடுத்தபடியாக, இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை எடு என்று எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் கையில் இல்லை என்கிறது நிர்வாகம். உண்மைதான். டில்லிக்குச் சொல்ல வேண்டியதைக் கடலூர் தபாலாபீஸ் முன் நின்று சொல்வது நம் வழக்கம். அங்கே போக வேண்டியதுதான்.