தரை டிக்கெட்டிலிருந்து ஒரு வரிசை

சிறந்த நூறு தமிழ்ப் படங்கள், பார்த்தே தீர வேண்டிய ஐம்பது, நூற்றாண்டின் பத்து என்று வருஷத்துக்கு ஒருத்தர் பட்டியல் போட்டுவிடுகிறார். போடுகிறவர்களுக்குப் பேரும் உண்டு, பத்திரிகையும் உண்டு. போன மாதம் தருமபுரியில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் என்னையும் கேட்டார்கள். "அண்ணா, ஒங்களுக்குப் புடிச்ச படங்கள வரிசையா சொல்லுங்க." கேட்ட பையன் கையிலேயே அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. முதல் பத்துக்குள் தேவர் மகன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அங்கே பேசியதையும் பேசாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வரிசை என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது வரிசை. டீக்கடையில் எந்த டம்ளர் யாருக்கு என்பது வரிசை. எழுபதுகளில் எங்கள் ஊர் டூரிங் கொட்டாயில் யார் எங்கே உட்காருவது என்பதும் வரிசைதான். எங்கள் மாவட்டத்தில் காட்டுக்குள்ளே நாலு வீடு சேர்ந்தால் அதுக்குப் பேரு கொட்டாய். சினிமாவுக்குக் கட்டின கூடாரமும் கொட்டாய். ரெண்டு கொட்டாயிலும் சட்டம் ஒண்ணுதான். மணல் கொட்டின தரை எங்களுக்கு. அதுக்குப் பின்னால் பெஞ்சு. அதுக்கும் பின்னால் சேர். டிக்கெட் போர்டில் காசு மட்டும் எழுதியிருக்கும், சாதி எழுதியிருக்காது. ஒரு தடவை எங்கண்ணன் கட்டட வேலையில் சம்பாதித்த காசில் பெஞ்சு டிக்கெட் எடுத்தான். இடைவேளையில் விளக்குப் போட்டதும் பக்கத்தில் இருந்தவர் திரும்பி மூஞ்சியைப் பார்த்தார். "ஏன்டா, தரையில எடமில்லியா?" அவ்வளவுதான் கேட்டார். அண்ணன் எழுந்து வந்து எங்ககூட மணலில் உட்கார்ந்தான். மீதிப் படம் முடிகிறவரை குனிந்த தலை நிமிராமல் மணலைக் கீறிக்கொண்டிருந்தான்.

ஆனால் ஒன்று. தரைதான் திரைக்குப் பக்கம். தமிழ்ச் சினிமாவை எங்களைவிடக் கிட்டத்தில் பார்த்தவன் எவனும் இல்லை. அந்தத் தகுதியில்தான் இந்த வரிசையைப் போடுகிறேன்.

எங்கப்பன் செருப்புத் தைக்கிறவர், தப்பு அடிக்கிறவர். கொட்டாயில் புதுப்படம் மாறினால் மாட்டுவண்டியில் தட்டி கட்டி ஊர் ஊராகப் போவார்கள். வண்டிக்கு முன்னால் அப்பன் தப்படித்துக்கொண்டு நடப்பார். கூலிக்கு மேலே ரெண்டு தரை டிக்கெட்டு பாசு. எனக்கு எட்டு ஒம்பது வயசிருக்கும்போது மதுரை வீரன் வந்தது. 1956ல் எடுத்த படம். எங்கள் கொட்டாயில் அப்போதும் கூட்டம் தாங்கவில்லை. அப்பனுக்கு அது வெறும் படமில்லை. வீரன் எங்க குலசாமி. அன்றைக்குத் தப்பு கிழிகிற மாதிரி அடித்தார். ராத்திரி படம் பார்த்தோம். வீரன் ராசா வீட்டுப் பிள்ளை, காட்டில் கிடந்ததைச் செருப்புத் தைக்கிற தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று படம் சொன்னது. வளர்த்தவர்களாக கலைவாணரும் மதுரமும் வந்து சனங்களைச் சிரிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நம்ம புள்ளன்னா அவனுக்கு வீரம் வராதாடா?"

நான் படித்த எந்த சினிமா விமர்சனத்திலும் இதைவிடக் கூர்மையான கேள்வியைப் பார்த்ததில்லை. அச்சில் வந்த கதைப்பாடலிலேயே அந்த ராசா பிறப்பு இருக்கிறதே என்பார்கள் ஆய்வாளர்கள். இருக்கட்டும். எழுத்தில் ஏறிய திருட்டைத் திரை இன்னும் பெரிசாக ஊருக்குக் காட்டியது. உயர்ந்தவன் பெண்ணைத் தூக்கியவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், எங்கள் சாமி. அவன் சாவை எங்களுக்கு விட்டுவிட்டு, பிறப்பை மட்டும் அரண்மனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பன் கேள்வியிலிருந்து என் அளவுகோலை எடுத்துக்கொண்டேன். மூணே கேள்வி. இந்தப் படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான், யார் நிற்கிறான்? எங்க ஆளுக்குப் பேரும் பேச்சும் உண்டா? கடைசியில் அவன் உயிரோடு இருக்கிறானா?

இந்தக் கேள்விகளோடு அந்தப் பையனின் பட்டியலுக்குப் போவோம். 1992 பொங்கலுக்கு சின்னக் கவுண்டர். அதே வருஷம் தீபாவளிக்கு தேவர் மகன். 1993ல் எஜமான். 1994ல் நாட்டாமை. நாலிலும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், ஊர் நிற்கிறது. அவர் வாயிலிருந்து வருவது தீர்ப்பு. அவர் காலடி மண்ணுக்குக்கூட மரியாதை. இந்த ஊர்களில் சேரி எங்கே இருக்கிறது? காமிரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "தேவர் மகன் கடைசியில் அருவாளைக் கீழே போடச் சொல்லுதே அண்ணா" என்றான் பையன். சொல்லுதுதான். கடைசி அஞ்சு நிமிஷம் புத்திமதி, அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் மீசை. சனங்கள் எதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்? அந்தப் படத்துப் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பாட்டாகவே ஒலிபெருக்கியில் ஓடியது. புத்திமதியை ஒலிபெருக்கி வைத்துப் போட்டவன் யாருமில்லை. நல்லா எடுத்த படம், நல்லா நடித்த படம் என்பதை நான் மறுக்கவில்லை. நல்லா எடுத்ததால்தான் இவ்வளவு தூரம் போயிற்று.

அந்தப் பொங்கலுக்கும் அந்தத் தீபாவளிக்கும் நடுவில் எங்கள் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லட்டுமா? 1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஒரு பழங்குடி ஊரைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திரையில் நாட்டாமைகள் நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வாச்சாத்திப் பெண்கள் நீதிமன்ற வாசலில் பத்தொன்பது வருஷம் நின்றார்கள். அதே 1992ல் வந்த ரோஜா எங்கள் ஒகேனக்கல்லை அழகழகாகக் காட்டியது. தமிழ்ச் சினிமாவுக்குத் தருமபுரி என்றால் தண்ணி விழுகிற இடம்.

இனி என் வரிசை.

முதல் இடம் பரியேறும் பெருமாள், 2018. மாரி செல்வராஜின் முதல் படம். அந்தச் சட்டக் கல்லூரிப் பையனின் அப்பன் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர். மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த அவரைத் துணி உருவித் துரத்துகிறார்கள். நான் தியேட்டரில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஓடினவர் எங்கப்பன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் என் அப்பனை அப்பன் என்று சொல்லக் கூசி ஒதுங்கி நின்றவன் நான். அந்தக் கூச்சம் என் குற்றமில்லை, எனக்குள் வைக்கப்பட்ட நஞ்சு என்று ஐம்பது வயசுக்கு மேலே ஒரு படம் சொல்லிக் கொடுத்தது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படத்தில் ஒரு கிழவன் கொலைகளை விபத்துப் போல, தற்கொலை போலச் செய்துகொண்டே இருப்பான். கடைசியில் தண்டவாளம் வருகிறது. 2013 ஜூலை 4ல் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னாலுள்ள தண்டவாளத்தில் ஒரு பையனின் உடலைப் பார்த்த மாவட்டம் இது. தற்கொலை என்றது போலீசு. எங்கள் தெருக்களில் அந்தச் சொல்லை ஏற்றவர்கள் குறைவு. பரியன் தண்டவாளத்திலிருந்து எழுந்து வந்தபோது என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரெண்டாவது இடம் மராத்திப் படம் ஃபான்றி, 2013. நாகராஜ் மஞ்சுளே எடுத்தது. பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன். பன்றியைத் துரத்துகிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது, பன்றி போய்விடுகிறது. கட்டித் தூக்கிப்போகும்போது பின்னால் சுவரில் அம்பேத்கரும் பூலேயும் இருக்கிறார்கள். கடைசியில் பையன் எறிகிற கல் நேராக நம்மைப் பார்த்து வருகிறது. வேடிக்கை பார்க்கிறவனே, நீயும் வாங்கிக்கோ என்கிறது. பெஞ்சிலும் சேரிலும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கான கல் அது.

மூணாவது இடம் கன்னடத்து சோமன துடி, 1975. சிவராம காரந்தின் நாவலை பி.வி.காரந்த் படமாக்கினார். தேசிய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை வாங்கியது. எண்பதுகளில் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போயிருந்தபோது, மேஸ்திரி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டிவியில் பார்த்தேன். சோமனிடம் மாடு இருக்கிறது, உழ நிலமில்லை. பிறப்பால் உழக் கூடாது என்கிறார்கள். துடியை அடித்து அடித்தே செத்துப்போகிறான். கடைசியில் உயிரோடு இருக்கிறானா என்ற என் மூணாவது கேள்வியில் இந்தப் படம் தோற்கிறதே என்று கேட்பீர்கள். இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. நந்தனார் கதையை 1935ல் கே.பி.சுந்தராம்பாளை வைத்தும் 1942ல் தண்டபாணி தேசிகரை வைத்தும் எடுத்தார்கள். தீயில் இறங்கினால்தான் கோயில். 1997ல் வந்த பாரதி கண்ணம்மாவில் எசமான் மகளின் சிதையில் எங்க பையன் குதிக்கிறான். இந்தச் சாவுகளெல்லாம் எசமான் வீட்டுக் கௌரவத்துக்கும் சாமிக்கும் கொடுக்கிற பலி. சோமன் யாருக்கும் பலியாகவில்லை. அவன் சாவு நிலவுடைமையின் மேல் போட்ட வழக்கு.

நாலாவது இடம் கபாலி, 2016. படமாக எனக்குப் பல குறை உண்டு. ஆனால் எஜமானாக உட்கார்ந்திருந்த அதே ரஜினிகாந்த் சிறைக்குள் 'என் தந்தை பாலய்யா'வைக் கையில் வைத்திருக்கிறார். அம்பேத்கர் கோட்டுப் போட்டதற்குக் காரணம் சொல்கிறார். இருபத்து மூணு வருஷத்தில் அந்த உருவத்தை பா.ரஞ்சித் எங்கிருந்து எங்கே நகர்த்தியிருக்கிறார் என்று பாருங்கள்.

அஞ்சாவது இடம் அசுரன், 2019. வெற்றிமாறன் எடுத்தது. செருப்புப் போட்ட குற்றத்துக்காக ஒரு பெண் அதைத் தலையில் சுமக்கிறாளே, அந்த ஒரு காட்சிக்கு. செருப்புத் தைத்தவரின் மகனுக்கு அது போதும்.

ஆறாவது இடத்தில் விவரணப் படங்களை வைக்கிறேன். எந்தச் சிறந்த நூறிலும் இவை வராது. 1999ல் தாமிரபரணியில் பதினேழு உயிர் போனதைப் பதிவு செய்த ஆர்.ஆர்.சீனிவாசனின் நதியின் மரணம். மலம் அள்ளுகிறவர்களைப் பற்றி 2017ல் திவ்யபாரதி எடுத்த கக்கூஸ். கக்கூஸைத் திரையிட விடாமல் பல ஊரில் போலீசு தடுத்தது. இட ஒதுக்கீட்டைத் தாக்கிய ஒரே ஒரு கிராமத்திலே என்ற படத்துக்கு 1989ல் உச்சநீதிமன்றமே கருத்துச் சுதந்திரத்தின் பேரில் காவல் நின்றது. தேசிய விருதும் கிடைத்தது. ஜப்பார் பட்டேல் 2000ல் முடித்த அம்பேத்கர் படம் தமிழ் பேசித் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. கருத்துச் சுதந்திரத்திலும் சேர் யாருக்கு, தரை யாருக்கு என்று தெரிகிறதா?

ஏழாவது இடம் மதுரை வீரனுக்கே. படத்துக்காக இல்லை. அதுக்கு எங்கப்பன் அடித்த தப்புக்காக.

இதை என் மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்பா, ஒங்க வரிசையில அப்பனும் மகனுமாவே இருக்காங்களே, ஆயா எங்க?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. எங்கம்மா கொட்டாய்க்கு வந்ததே குறைவு. அவள் நாத்து நட்டுவிட்டு வந்து அடுப்புப் பற்றவைக்கும்போது எங்களுக்கு முதல் ஆட்டம் ஆரம்பித்துவிடும். எங்கள் ஆட்கள் எடுக்கிற படங்களிலும் அம்மாக்கள் பெரும்பாலும் அழுதுவிட்டுப் போகிறார்கள். மகள் நட்சத்திரம் நகர்கிறது (2022) படத்தை முதலில் வைக்கிறாள். அதில் வருகிற ரெனே யாரிடமும் கெஞ்சாமல், நான் இந்தச் சாதிதான் என்று சொல்லிவிட்டுக் காதலிக்கிறாள் என்பது அவள் காரணம். எனக்கு அந்தப் படம் முழுசாக ஒட்டவில்லை. ஆனாலும் அவள் கேள்வி நியாயம். என் மூணு கேள்வியோடு நாலாவதாக அதையும் சேர்த்துக்கொள்கிறேன்: எங்கம்மா இந்தப் படத்தில் எங்கே இருக்கிறாள்?

சினிமாவுக்கு இத்தனை பேச்சு வேணுமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். 2012 நவம்பர் 7ல் ஒரு கலப்புக் கல்யாணத்தைக் காரணம் காட்டி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். இருநூற்றைம்பதுக்கு மேல் வீடு. ஆம்பிளைகள் பாதிப்பேர் பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் நான் போனபோது கருகின பீரோ, கருகின சர்டிபிகேட், உருகிப்போன டிவிப் பெட்டி. அந்தப் பெட்டியில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் சின்னக் கவுண்டரையும் நாட்டாமையையும் பார்த்துக் கைதட்டித்தானே இருப்பார்கள்? கொளுத்த வந்தவர்களும் அதையே பார்த்து வளர்ந்தவர்கள்தான். படம் பார்த்துவிட்டுத் தீ வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு லேசான கணக்கு இல்லை இது. உட்காருகிறவன் உட்காரவும் நிற்கிறவன் நிற்கவும் பிறந்தவன் என்பதை ராத்திரிக்கு ராத்திரி பாட்டோடும் சிரிப்போடும் சொல்லிக் கொடுத்தால், நின்றவன் மகன் ஒருநாள் பக்கத்தில் உட்காரும்போது கோபம் வருகிறது. பெஞ்சில் எங்கண்ணனைப் பார்த்தவருக்கு வந்த அதே கோபம். அங்கே ஒரு கேள்வியோடு நின்றது. இங்கே தெருவையே எரித்தது.

கூட்டம் முடிந்து போகும்போது அந்தப் பையனிடம் அவன் பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. அதில் அவன் அம்மாவைக் கேட்டு ஒரு வரிசை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.