மதிலுக்குக் கல் சுமந்தவர்கள்

கோடை விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேன் பிடித்துக் கன்னியாகுமரி போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை மும்பையிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. வட்டக்கோட்டைக்கும் போனோம். கடலை ஒட்டி எழும்பி நிற்கும் கருங்கல் கோட்டை. படம் எடுக்க அருமையான இடம்.

இந்தக் கோட்டையைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. மற்றொன்று, 1741 குளச்சல் போரில் அவரிடம் சிறைப்பட்டு, பிறகு அவருக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சித்தி மகள், "இவ்வளவு கல்லையும் அந்த ரெண்டு பேருமா தூக்குனாங்க?" என்று கேட்டாள். பல வருஷமாக ஃபயர் ஆபீசுக்குப் போகிற அம்மா சொன்னார்: "சரவெடி அட்டையில கம்பெனி பேருதான் இருக்கும். திரி வச்சவ பேரா போடுவான்?"

கேள்வி சரியானது. அந்தத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்குக் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும். அதற்கு 'ஊழியம்' என்று பெயர். புலையர், பறையர் மக்கள் அடிமைகளாக வாங்கி விற்கப்பட்டார்கள். 1855இல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1822 முதல் போராடி 1859இல் அரச ஆணை பெற்றார்கள். அதிலும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை வைத்தது அரசு.

இந்த வரலாற்றை எந்த ஒரு சாதியின் பெருமைக் கதையாகவும் சுருக்கக் கூடாது. ஊழியம் செய்தவர், அடிமையாக விற்கப்பட்டவர், தோள்சீலைக்காக அடிபட்டவர் எல்லோருக்கும் எதிரே நின்றது ஒரே அரசு, ஒரே சாதி அடுக்கு.

வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் அதே மாவட்டத்திலுள்ள சுவாமித்தோப்புக்கும் போக வேண்டும். இந்த ஒடுக்குமுறையை எதிர்த்துப் பேசிய அய்யா வைகுண்டரைச் சுவாதித் திருநாள் அரசு திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. சாதி பாராமல் எல்லோரும் தண்ணீர் எடுக்க அவர் வெட்டிய கிணறு அங்கே இருக்கிறது. அங்கே ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். தலை நிமிரக் கூடாது என்று சொன்ன அரசுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

தோள்சீலைப் போராட்டம் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், ஆடை பற்றிய பாடத்தில் இருந்தது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டார்கள். கோட்டையில் கேள்வி கேட்ட பெண் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். பதில் அவளுடைய புத்தகத்தில் இல்லை.

கட்ட உத்தரவிட்டவர் பெயரைச் சொல்லும் இடத்தில், அந்த ஆட்சி யாரிடம் கூலியில்லாமல் வேலை வாங்கியது என்பதையும் எழுத வேண்டும் என்று தொல்லியல் துறையிடம் நாம் கேட்போம். அது நடக்கும்வரை, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊழியம் என்றால் என்னவென்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.