அந்த வசனம் ராஜாவுக்குச் சொன்னது

பலி செலுத்துவதைவிடக் கீழ்ப்படிவதே மேல் என்று சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னதை எடுத்துப் பேசாத பிரசங்கியார் நம் சபைகளில் அபூர்வம். சபையார் தலைகுனிந்து கேட்பார்கள். ஆனால் ஒன்று சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். சாமுவேல் அதைச் சபையாரிடம் சொல்லவே இல்லை. அபிஷேகம் பெற்ற ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த ராஜா சவுல். அமலேக்கியரோடு போர் முடிந்ததும் அவர் கர்த்தருடைய கட்டளையை மீறி, கொழுத்த ஆடுமாடுகளைத் தனியே ஒதுக்கி வைத்தார். கர்மேலில் தமக்கென்று ஜெயஸ்தம்பமும் நாட்டிக்கொண்டார். (அந்தப் போரின் கொடூரம் தனியாகப் பேச வேண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன்.) மாட்டிக்கொண்டதும், எல்லாம் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றார், பழியை ஜனங்கள்மேல் போட்டார். உன் பார்வையில் நீயே சிறியவனாக இருந்த காலத்தில்தானே தலைமை கிடைத்தது என்று சாமுவேல் இடித்துரைக்கிறார். தாழ்மை, கீழ்ப்படிதல் என்ற இரண்டு பாடமும் அங்கே மேலே இருப்பவனுக்கு.

நம்மிடம் அது தலைகீழாகிவிட்டது. சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பாஸ்டர், கட்டட நிதிக் கணக்கை ஒரு தடவை வாசிச்சிட்டா நல்லது" என்று கேட்கட்டும். மேடையிலிருந்து பதில் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரே சட்டையைப் பிடித்து இழுப்பார்: "உட்காருங்க பிரதர், அபிஷேகம் பெற்றவர் காரியத்துல தலையிடாதீங்க." அடுத்த ஞாயிறு, மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கிய கதை பிரசங்கமாகும். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வந்து அழும் சகோதரிக்கும் இதே மருந்துதான்: அடங்கியிரு, ஜெபம் பண்ணு. தேவனுக்குக் கீழ்ப்படிதல் என்ற பேரில் ஊழியருக்கும் புருஷனுக்கும் வாய் மூடியிருப்பது போதிக்கப்படுகிறது. இது வேதத்தில் இல்லாத சரக்கு.

காணிக்கைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல், அதைத் தனியாகக் கையாளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைக் கூடவே வைத்துக்கொண்டார். யாரும் தம்மைக் குறைசொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று இரண்டு கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் எழுதியிருக்கிறார். பவுலுக்கே தேவைப்பட்ட சாட்சி நம் பாஸ்டர்களுக்கு மட்டும் அவமானமா?

தம்மைக் கொல்லத் தேடிய சவுல்மேல்கூடத் தாவீது கை வைக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். என்கேதி குகையில் கையில் சிக்கிய சவுலை உயிரோடு விட்டார். விட்டபின் வெளியே வந்து, சவுல் செய்த அநியாயத்தை உரக்கச் சொன்னார். சமாதானம் பேசி முடிந்ததும் அரண்மனைக்குத் திரும்பிப் போய்ச் சவுலின் ஈட்டிக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை.

நடத்துகிறவர்களுக்கு அடங்கச் சொல்லி எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே வசனம், அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. நம் மேடைகளில் பிற்பாதி காதில் விழுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்ப்படிதலுக்கு நாம் காட்டும் முன்மாதிரி இயேசு. பாடுகள் வழியே அவர் கீழ்ப்படிதலைக் கற்றார் என்று அதே நிருபம் சொல்கிறது. எப்படிக் கற்றார்? கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் வேண்டாமே என்று பிதாவிடம் மன்றாடினார், பிறகுதான் சம்மதித்தார். அன்றிரவே விசாரணையில், பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்வது என்று ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. நான் பேசியதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். பிதாவுக்குச் சிலுவை மட்டும் கீழ்ப்படிந்தவர், ஆசாரியனின் ஆளிடம் நியாயம் கேட்டார். இரண்டும் ஒரே மனிதர், ஒரே இரவு.

இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துப் படித்தவர் ஆஸ்திரியாவின் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். விவசாயி, மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை. ஹிட்லரின் போரில் சண்டையிடுவது பாவம் என்று மறுத்தார். குருக்கள் புத்தி சொன்னார்கள். லின்ஸ் ஆயரிடமே போனார். அரசு செய்யும் போருக்கு நீ பொறுப்பாளி அல்ல, குடும்பத்தைப் பார் என்ற போக்கில்தான் அங்கும் பதில் கிடைத்தது. அவர்களை ஏசவில்லை, சபையை விட்டு ஓடவும் இல்லை, ஆனாலும் கேட்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9ஆம் தேதி, 36 வயதில், அவர் தலை வெட்டப்பட்டது. 2007 அக்டோபரில் அதே லின்ஸ் மறைமாவட்டத்தின் பேராலயத்தில் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. அவருக்குப் புத்தி சொன்னவர்கள் யாருக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.