கிடங்கு அரிசிக்கு யார் வட்டி கட்டுவது?

2025 ஏப்ரல் 1 நிலவரப்படி மத்தியத் தொகுப்பில் இருந்த அரிசி, இன்னும் அரைக்கப்படாத நெல்லையும் சேர்த்தால், 6 கோடி டன்னுக்கும் அதிகம். அந்தத் தேதியில் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசே வகுத்துள்ள அளவு 1.358 கோடி டன். அதாவது, தேவையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

கிடங்குகள் நிரம்பியிருப்பதை நாம் பெருமையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் உலை கொதிக்கும் என்றிருந்த அறுபதுகளின் நினைவு இந்த நாட்டுக்கு உண்டு. ஆகவே அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், இந்த அரிசியை ஓராண்டு வைத்திருக்க என்ன செலவாகிறது என்ற கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை.

கையிருப்பைப் பற்றிய கணக்கு பொருளாதாரத்திலும் மேலாண்மையிலும் மிகப் பழையது. 1913-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து அது தொடங்குகிறது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம், "ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்க என்னென்ன செலவு?" என்று கேட்பேன். கிடங்கு வாடகை, காவலாளி சம்பளம், எலி, புழு, மழை என்று பட்டியல் நீளும். வட்டி என்ற சொல் கடைசியில்தான் வரும். சில ஆண்டுகளில் வராமலே போனதும் உண்டு. உண்மையில் முதலில் வர வேண்டியது அதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ பச்சரிசி கிடைக்க வேண்டும் என்பது அரசின் அளவுகோல். அப்படியானால் ஒரு டன் அரிசிக்குள் அடங்கியிருக்கும் நெல்லின் விலை மட்டும் சுமார் 35,360 ரூபாய். சந்தைக் கட்டணம், சாக்கு, அரைவைக் கூலி, லாரி வாடகை எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

இந்தப் பணத்துக்கு ஆண்டு வட்டி 8 சதவீதம் என்று கொள்வோம். கிடங்கு வாடகை, பூச்சிமருந்துப் புகையூட்டல், காவல், ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றுக்கு 3 சதவீதம். எடைக்குறைவுக்கும் தரக்குறைவுக்கும் 1 சதவீதம். இந்த விகிதங்கள் என் அனுமானம்தான். தனியார் தொழில்துறைக்குப் பாடநூல்கள் சொல்லும் 20 முதல் 30 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் அடக்கமான மதிப்பீடு. மொத்தம் 12 சதவீதம் என்றால், ஒரு டன்னை ஓராண்டு வைத்திருக்க ஏறத்தாழ 4,240 ரூபாய்.

இந்த 4,240 ரூபாயை 6 கோடி டன்னால் பெருக்கிவிடுவது தவறு. ஆண்டுச் செலவைச் சராசரிக் கையிருப்பின் மீதுதான் கணக்கிட வேண்டும். ஏப்ரல் என்பது சம்பா, காரீஃப் கொள்முதலெல்லாம் வந்து சேர்ந்து கிடங்கு நிரம்பி நிற்கும் காலம். அதன் பிறகு ரேஷனுக்குப் போகப் போக இருப்பு குறையும். ஆகவே, நெறிமுறை அளவுக்கு மேல் ஆண்டு முழுவதும் சராசரியாக 2 கோடி டன் தேங்கி நிற்பதாகக் குறைத்தே வைத்துக்கொள்கிறேன். அப்போதும் ஆண்டுச் செலவு சுமார் 8,500 கோடி ரூபாய் ஆகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வட்டி. எலி தின்ற அரிசியைப் பற்றி நாம் எழுப்பும் கூச்சலில் பத்தில் ஒரு பங்கைக்கூட வட்டி தின்ற பணத்துக்காக எழுப்பியதில்லை.

அரசு தன் பணத்தைப் போட்டால் வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். 2024 நவம்பரில் இந்திய உணவுக் கழகத்துக்கு 10,700 கோடி ரூபாய் பங்கு மூலதனம் வழங்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. கழகத்தின் ஏட்டில் வட்டிச்சுமை குறையும் என்பது உண்மை. ஆனால், மத்திய அரசும் கடன் வாங்கித்தானே செலவு செய்கிறது? வட்டி மறையவில்லை, ஏடு மாறியிருக்கிறது.

என்னை உறுத்துவது, இந்தச் செலவு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதுதான். நடப்பு நிதிநிலை அறிக்கையில் உணவு மானியம் 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்பதால், இத்தொகை முழுவதும் ஏழையின் தட்டில் விழுவதாகவே பேசப்படுகிறது. இலவசத்தால் நாடு கெடுகிறது என்று முழங்குவோரும் இதே தொகையைத்தான் சுட்டுகிறார்கள். எவருக்கும் போய்ச் சேராமல் கிடங்கில் உறங்கிய அரிசியின் பராமரிப்புச் செலவும் அதற்குள் அடக்கம் என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை.

கையிருப்பே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, நெறிமுறை அளவைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்த தானியம்தான் கோடிக்கணக்கான குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது. 2022-இல் வெப்ப அலையால் கோதுமை விளைச்சல் அடிபட்டு, கொள்முதல் 188 லட்சம் டன்னாகச் சரிந்தபோதும் அரிசிக் கையிருப்பே கை கொடுத்தது. காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டத்தான் வேண்டும். ஒரே வீட்டுக்கு நான்கு காப்பீடு எடுத்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

இந்தத் தேக்கம் வானத்திலிருந்து விழவுமில்லை. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அப்போது உலகச் சந்தையில் அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தடை 2024 செப்டம்பர் இறுதியில் விலகியது. 2025-இல் உலக விலை வீழ்ந்து கிடந்தது. பிறகு, எத்தனால் ஆலைகளுக்கு 52 லட்சம் டன் அரிசி, கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு ஒதுக்கப்பட்டது. 2023-24 ஆதரவு விலையான 2,183 ரூபாயை வைத்துப் பார்த்தால்கூட, அந்த அரிசிக்குள் இருந்த நெல்லின் அடக்கம் கிலோவுக்கு 32 ரூபாய் 58 காசு. கிலோவுக்குக் குறைந்தது பத்து ரூபாய் நட்டம். ஒதுக்கியது முழுவதும் விற்றிருந்தால் 5,200 கோடிக்கு மேல். இனியும் வைத்திருந்தால் வட்டி ஏறும் என்ற நிலையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது தவறில்லை என்பேன். வைத்திருக்கும் செலவை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டிருந்தால், அந்த நிலையே வந்திருக்காது.

இன்னொரு கையிருப்புச் செலவும் உண்டு. அது எந்த அரசின் ஏட்டிலும் ஏறாது. 1965 ஜனவரியில் உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில். அதே டெல்டாவில் குறுவை அறுவடை நாள்களில் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிடங்கில் இடமில்லை, லாரி வரவில்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் விவசாயி சில நாள்கள் காத்திருக்கிறார். பகலில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கக் கூலி. மாலையில் குவித்துத் தார்ப்பாய் மூட மறுபடி கூலி. இரவுக் காவலுக்கு அவரே. ஒரு மழைக்கு நெல் முளைவிட்டால் அந்த இழப்பும் அவருடையது. நகைக்கடன் வட்டி தனி. மேலே கிடங்கு அடைத்துக்கொண்டால், செலவு கீழே வழிந்து வந்து அவர் தலையில் நிற்கிறது.

உணவுக் கழகம் மாதந்தோறும் கையிருப்பு அளவை வெளியிடுகிறது. எத்தனை லட்சம் டன் என்ற வரிசைக்குப் பக்கத்தில், நெறிமுறைக்கு மேற்பட்ட பங்கை வைத்திருக்க அந்த மாதம் ஆன செலவு என்று ஒரு வரிசையைச் சேர்க்கலாம். அதை மானியத்திலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் எழுதலாம். இதற்குப் புதிய சட்டமோ குழுவோ தேவையில்லை. சாந்தகுமார் குழு, மிகைக் கையிருப்பைக் குறைக்க வழி சொல்லி அறிக்கை தந்தது 2015 ஜனவரியில்.