கம்பி இழுத்த கைக்குக் கையெழுத்தும் வேண்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தது எங்கள் சேரித் தம்பி ஒருவன். வயது 29. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒன்பது ஆண்டுகளாக இதுதான் தொழில். தளம் போடும்போது பைப் பதித்தது, சுவர் வெட்டியது, கம்பி இழுத்தது, எர்த் குழி தோண்டியது எல்லாம் அவன்தான். ஆனால், மின் இணைப்புக்கான சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் உரிமம் பெற்ற ஓர் ஒப்பந்ததாரர். அவர் அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் ஒரு வாரக் கூலியைவிட அந்தக் கையெழுத்துக்குக் கொடுத்த பணம் அதிகம்.

“நீயே சான்று வாங்கலாமே தம்பி?” என்று கேட்டேன். “அதெல்லாம் இன்ஜினியருக்குப் படிச்சவங்களுக்குண்ணே. நமக்கு யாரு தருவா?” என்றான்.

அந்தப் பதில்தான் இந்த வாரம் இதை எழுத வைத்தது. டெல்டா மாவட்டங்களின் குடியிருப்புகளில் இப்படி எத்தனை தம்பிகள்! நடவும் அறுப்பும் இயந்திரத்தின் கைக்குப் போன பிறகு, வயலை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் கட்டட வேலைக்குத்தான் போனார்கள். சித்தாள், கொத்தனார், பெயிண்டர், பிளம்பர், ஒயர்மேன் என்று ஊரெங்கும் எழும்பும் மாடி வீடுகளில் அவர்கள் கைபடாத சுவர் இல்லை. ஆனாலும் உழைப்பு ஒருவனுக்கு, உரிமம் இன்னொருவனுக்கு என்ற பழைய ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

சட்டம் சொல்வது தெளிவானது. மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதி இதைச் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2010, 2023ஆம் ஆண்டுகளின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. சான்று இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர், எவ்வளவு திறமை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லாதவர். விபத்து நடந்தால் முதலில் பிடிபடுபவரும் அவர்தான்.

அந்தச் சான்றுக்கு வழி இருக்கிறது. இன்ஜினியருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு’ நடத்துகிறது. மின் ஒயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும், 21 வயது நிறைவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. 45 வயது அண்ணனும் எழுதலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அனுபவம் ஒன்றையே சொத்தாக வைத்திருப்பவர்களுக்கான வாசல் இது. இதில் தேறினால், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றுக்கு வழி பிறக்கும். உதவியாளர் என்பது முதல் படி. அதற்கு மேல் கம்பியாள், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் என்று படிகள் இருக்கின்றன. சோதனை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை மேற்படிகளில்தான் வரும். ஆனால் முதல் படியில் கால் வைக்காதவன் மேற்படிக்கு எப்படிப் போவான்?

இந்தத் தேர்வுக்கான அறிவிப்பு, மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக இதே போன்ற மாவட்டப் பக்கங்களில் ஒரு மூலையில் வந்து போகிறது. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவன் கண்ணில் அது படுவதில்லை. படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் ஒயரிங் வேலைக்குப் போகும் அண்ணன் யார், மாமா யார் என்று உங்களுக்குத் தெரியும். அறிவிப்பு வரும் நாளில் அதை அவர் கையில் கொடுங்கள்.

தேர்வுக்குப் படிப்பது என்றதும் பலருக்குப் பயம். கைக்குத் தெரிந்ததை வாய்க்கும் பேனாவுக்கும் கொண்டுவருவதுதான் இந்தப் படிப்பு. தம்பி வேலை செய்யும்போது இயல்பாகச் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று கேட்டுப் பார்த்தால் பாதி பாடம் முடிந்துவிடும்.

சுவிட்சை ஏன் பேஸ் கம்பியில் வைக்கிறோம்? நியூட்ரலில் வைத்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் கை வைத்தால் உயிர் போகும். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்று ஏன் பிரிக்கிறோம்? நாளை இன்னொருவன் இந்தப் பெட்டியைத் திறப்பான். அவனுக்கு நாம் விட்டுச் செல்லும் தகவல் அது.

கணக்கு என்றால் பயப்படுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். ஒரு விளக்குச் சுற்றில் பத்து முனைகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ போகக்கூடாது என்பது இந்தியத் தர விதிகள் வகுத்த வழக்கம். இப்போது அரசு கட்டித்தரும் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் பத்து வாட் விளக்கு நான்கு, 75 வாட் விசிறி மூன்று, 100 வாட் தொலைக்காட்சி ஒன்று என்று வையுங்கள். 40, 225, 100, ஆக 365 வாட். முனைகள் எட்டு. ஒரே சுற்று போதும். ஆனால் கிரைண்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் அதே சுற்றில் மாட்டினால் தாங்காது. அவற்றுக்குத் தடித்த கம்பியில் தனிச் சுற்று வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கு நம் வீடுகளுக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை? நம் குடிசைகளுக்கு முதலில் வந்தது ஒற்றை விளக்கு இணைப்பு. அந்த ஒரு பல்புக்காக இழுத்த மெல்லிய கம்பியிலேயே பிறகு விசிறி வந்தது, தொலைக்காட்சி வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் வந்தன. பொருள் வந்தது, கம்பி மாறவில்லை. கம்பி சூடேறி, பியூஸ் போகும்போதெல்லாம் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தோம். பியூஸ் போகாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைத்தோம். பியூஸ் போக வேண்டிய நேரத்தில் போவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு கேள்வி தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் பொதுவானது. எம்.சி.பி. போட்டுவிட்டால் ஷாக் அடிக்காதா? அடிக்கும். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. அது விழுவதற்குப் பல ஆம்பியர் வேண்டும். ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்த ஆம்பியரில் ஒரு சிறு பின்னமே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற கருவிதான் ஆளைக் காப்பாற்றும். மழைக்காலத்தில் ஈரச் சுவர், ஈரத் தரை, வெறுங்கால். இந்தக் கருவி மாடி வீட்டைவிட நம் வீட்டுக்குத்தான் அதிகம் தேவை.

எர்த் குழி தோண்டும் தம்பிக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் என்பதையும் அவன் சொல்ல வேண்டும். ஈர மண் மின்சாரத்தை எளிதாக வாங்கிக்கொள்ளும், வறண்ட மண் வாங்காது. நம் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து கிடக்கும். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் வரை எர்த் குழியில் நாம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் சோதித்துவிட்டு ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்று விட்டுவிட்டால் கோடையில் அது கைவிடும். ஊரின் பருவம் தெரிந்தவன் எழுதும் விடை புத்தகத்தை மட்டும் படித்தவன் விடையைவிட மேலாக இருக்கும்.

நம் மாவட்டம் மின்சாரத்தின் விலையை அறிந்தது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி, குழந்தைகள் உள்பட 11 பேர் மாண்டார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தார்கள். கம்பம் சுமந்தவர்கள், குழி தோண்டியவர்கள், கயிறு பிடித்தவர்கள் வரிசையில் நம் குடியிருப்புத் தம்பிகளும் இருந்தார்கள். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் அனுபவம் என்று ஏறவில்லை.

நம் முன்னோர் கைநாட்டு வைத்தவர்கள். பண்ணையில் வாங்கிய கடனுக்கு, படிக்காத பத்திரத்தில் கட்டைவிரலை அழுத்தித் தலைமுறையையே எழுதிக்கொடுத்தவர்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1971இல் குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. மனையும் காரைச் சுவரும் இந்த மண்ணில் நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. அந்தச் சுவருக்குள் ஓடும் கம்பிக்குக் கையெழுத்துப் போடும் உரிமையும் அப்படிக் கேட்டுப் பெற வேண்டியதே.

மின்சாரம் நமக்குத் தூரத்துச் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். பாசனமும் மின்சக்தியும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. நாட்டின் மின் வளர்ச்சியைத் திட்டமிட மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது அவர் காலத்தில்தான். அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திய சிலையை நாம் அறிவோம். மின் நிலையங்களைத் திட்டமிட்ட அம்பேத்கரையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

தேர்வு எழுதுவது தம்பிகளின் பொறுப்பு. கதவைத் திறந்து வைப்பது அரசின் பொறுப்பு. மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அனுபவச் சான்று. ஐந்து ஆண்டு அனுபவத்தை யார் உறுதி செய்வது? வேலை வாங்கியவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. சான்று கொடுத்தால் குறைந்த கூலி ஆள் போய்விடுவான் என்று தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. சாதி பார்த்து இழுத்தடிப்பவர்களும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் மின்பணியாளராகப் பதிந்து, தொடர்ந்து புதுப்பித்து வரும் அட்டையையே அனுபவத்துக்கு ஆதாரமாக ஏற்க வேண்டும். தம்பிகளும் அந்த அட்டையை இன்றே வாங்க வேண்டும், காலாவதியாக விடக்கூடாது.

இரண்டாவது, மாலை வகுப்பு. வேலை முடித்து வருபவனுக்கு இரவு ஏழு மணிக்கு மேல்தான் நேரம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலோ பள்ளிகளிலோ தேர்வுக்கு முன் இரண்டு மாதம் இலவச வகுப்பு நடத்தலாம். அரசு ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் வந்து பாடம் சொல்லலாம். மெக்கர் கருவியைக் கையால் தொட்டே பார்க்காதவன் செய்முறைத் தேர்வில் தடுமாறுவது அவன் குற்றமல்ல. பெண்களையும் அழையுங்கள். இந்த வேலைக்கு வேண்டியது கவனமும் கைப்பழக்கமும். அதில் நம் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

மூன்றாவது, மேற்படிக்கு முதல். ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு இன்சுலேஷன் சோதிக்கும் கருவி, எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் எல்லாம் சொந்தமாக வேண்டும். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் என்று எண்ணி நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு கருவியும் ஒரு வண்டியும் வாங்கித் தொழில் தொடங்கும் சான்று பெற்ற மின்பணியாளரை மாவட்டத் தொழில் மையமும் தாட்கோவும் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது அரசின் இலக்கு. அவற்றில் எத்தனையோ வீடுகள் நம் குடியிருப்புகளில் எழும். அந்த வீடுகளின் ஒயரிங் வேலையில் சான்று பெற்ற நம் ஆட்களுக்கு முன்னுரிமை தந்தால், வீடும் பத்திரமாக இருக்கும், வேலையும் தெருவிலேயே தங்கும்.

ஒரத்தநாட்டுத் தம்பி இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறான். இரவில் மூன்று பேர் சேர்ந்து படிக்கிறார்கள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் தங்கை ஒருத்தி பாடம் சொல்கிறாள். “படிக்கட்டு விளக்குக்கு டூவே சுவிட்ச் போடத் தெரியும்ணே, படம் போடத்தான் வரல” என்றான் போன வாரம். இப்போது படமும் வருகிறதாம். உங்கள் தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கட்டும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்.