கைச்சாத்தோடு முடிந்துபோகும் கணக்கு

முதலீட்டு ஊக்குவிப்புச் செய்திகளை நீண்டகாலம் செம்மைப்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். எத்தனை ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின, எத்தனை மில்லியன் டொலர் வரவிருக்கிறது என்பன அவற்றில் தவறாமல் இருக்கும். பத்தாண்டு கழித்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்ற செய்திக்குறிப்பை மட்டும் நான் கண்டதில்லை.

1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த பெருங்கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவே, 1992இல் இலங்கை முதலீட்டுச் சபையாக மாறியது. வரி விடுமுறையும் தீர்வையற்ற இறக்குமதியும் அதன் ஆயுதங்கள். கட்டுநாயக்கவில் வேலி அடைத்து ஆடைத் தொழிற்சாலை நடத்துவதற்கு அவை பொருந்தின. புத்தளம் மாவட்டக் கரையோரத்திலோ முதலீட்டின் மூலப்பொருள் தண்ணீர். அதற்கு எவராலும் வேலி அடைக்க முடியாது.

எண்பதுகளில் அரசின் ஊக்குவிப்போடு இங்கே இறால் பண்ணைகள் வந்தன. முதலில் பெரிய கம்பனிகள். பின்னர் அந்த இலாபத்தைக் கண்டு, கடன் பட்டுக் குளம் வெட்டிய உள்ளூரார். சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் களப்பு வரை கண்டல் காடுகள் அழிந்து குளங்களாயின. இவற்றிற் பெரும்பாலானவை ஒல்லாந்தர் கால்வாயையும் அதனோடு இணைந்த களப்புகளையுமே நம்பியிருந்தன. நீரை எடுப்பதும் அங்கிருந்துதான், கழிவை விடுவதும் அங்கேதான். ஒருவன் குளத்து நோய் மற்றவன் குளத்துக்குப் பம்பி வழியாகவே போய்ச் சேரும்! தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் நல்ல விண்ணப்பமாகவே இருந்திருக்கும். கால்வாய் எத்தனை பண்ணைகளைத் தாங்கும் என்பதுதான் உரிய காலத்திற் கேட்கப்படாத கேள்வி.

1996இல் வெண்புள்ளி நோய் அதற்கு விடை சொன்னது. பெரும்பாலான பண்ணைகள் மூடப்பட்டன. கம்பனிக்காரன் வேறு தொழிலுக்குப் போகலாம். நகையை அடகு வைத்தவன் எங்கே போவான்? கைவிடப்பட்ட குளங்களில் உப்பேறிய மண்தான் மிஞ்சியது. கண்டல் தானாகத் திரும்பவில்லை, நெல்லும் விளையாது.

பின்னாளில் தொழிலை ஓரளவு நிமிர்த்தியது புதிய வரிச்சலுகை அன்று. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் கூடி, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று வகுத்துக்கொண்ட பருவ அட்டவணையே அது. சங்கத்துக்காரர் பலர் முகங் கோணியிருப்பர். முறை வராதவன் குளத்தைக் காயப்போட்டுக்கொண்டு அயலவன் அறுவடையைப் பார்த்திருப்பது இலேசான காரியமா? ஆயினும் செய்தார்கள். முதற் குளம் வெட்டுமுன் அரசு செய்திருக்கவேண்டிய வேலை இது.

முதலீடே வேண்டாம் என்கிறீரா என்று வாசகர் சிலர் மின்னஞ்சல் எழுதக்கூடும். இல்லை ஐயா. இக்கரையோர இளைஞருக்கு வேலை வேண்டும். மத்திய கிழக்குக்குப் போகாமல் ஊரிலே வேண்டும். நான் கேட்பது இரண்டுதான். ஊக்குவிப்பு விளம்பரத்துக்கு முன்பே அவ்விடத்து நீரின் தாங்குதிறனை அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை முதலீட்டாளரிடம் முன்கூட்டியே வைப்புப் பணமாக வாங்குங்கள்.

கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோதும் மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். பருவந்தோறும் அத்தீவுகளில் வாடி அமைத்துத் தொழில் செய்பவர்கள் அவர்கள். சுற்றுலா அதிகாரசபைக்குத் தீவு என்பது படுக்கை எண்ணிக்கை. வலை காயப்போட ஒரு துண்டுக் கரை வேண்டும் என்பதை எந்தப் படிவத்தில், எந்த நிரலில் எழுதுவது?